டீ இடைவேளையில் ஒரு லைவ்

எனக்குக் கோபம் அதிகம். பாவசங்கீர்த்தனத்தில் மற்ற பாவங்களை மறந்தாலும் இதை மறக்காமல் சொல்லிவிடுவேன். எங்கள் பங்குச் சாமியார் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "அதான் தெரியுமே, வேற?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் இங்கே சொல்லப்போகிற கோபத்தை நான் இதுவரை அவரிடம் பாவமாகச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஒரகடத்தில் காருக்குப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. பெயிண்ட் அடித்து வருகிற பாகங்களை விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் எடுத்து ஒதுக்க வேண்டும். முடி அளவு கீறலைக்கூட விடமாட்டாள் என்று அங்கே எனக்குப் பெயர். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட் மதியம் இரண்டரைக்கு முடியும். வீடு பென்னலூரில். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் கால்பந்து அணியில் இருக்கிறாள், அதாவது அணியின் பெஞ்சில் இருக்கிறாள். இரண்டு வருடமாக அந்தப் பெஞ்சைத் தேய்த்ததுதான் மிச்சம்.

எங்கள் பள்ளியில் ஆட்டம் நடந்தால் பெற்றோர் யாரும் வரமாட்டார்கள். பாசம் இல்லாமல் இல்லை. பாதிப் பேர் ஷிஃப்டில் இருப்பார்கள், மீதிப் பேர் ஷிஃப்ட் முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மைதானத்தில் நின்று பார்த்தால் எங்கள் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி தெரியும், கூப்பிடு தூரம்தான். லைனில் நிற்கிற ஒருத்திக்கு அந்தக் கூப்பிடு தூரத்தைத் தாண்டி வர வழி கிடையாது. போன வருடப் பெற்றோர் கூட்டத்துக்கு என்னோடு சேர்த்து ஏழு பேர் வந்திருந்தோம். "ஆட்டத்தை நான் போன்ல லைவ் போடுறேன், எல்லாரும் அவங்கவங்க இடத்திலிருந்தே பார்க்கட்டும்" என்று எழுந்து சொன்னேன். தலைமையாசிரியைக்கு மகிழ்ச்சி. பள்ளியின் பெயரில் சேனல் தொடங்க ஒப்புக்கொண்டார். இலவசமாகக் கிடைக்கிற எதற்கும் அவர் மறுப்பு சொன்னதில்லை.

எங்கள் ஒளிபரப்புக் குழு மூன்று பேர். படம் பிடிக்க என் போனோடு நான். பேச என் மகள். பவர் பேங்க்கையும் ஸ்டாண்டையும் பார்த்துக்கொள்ள அவளுடைய வகுப்புத் தோழி. இரண்டு பெஞ்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, மேலே ஸ்டாண்டைக் கயிற்றால் கட்டுவோம். அதுதான் எங்கள் ஸ்டூடியோ.

முதல் நாளே மானம் போனது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஓடினேன். லைவ் தொடங்கியாயிற்று. மகள் மூச்சுவிடாமல் பேசுகிறாள். கீழே கருத்துகள் வருகின்றன: "படம் வரல", "ஒரே இருட்டா கீது", "கரண்ட் இல்லியா?" நான் நெட்வொர்க் கம்பெனியைத் திட்டினேன், போனை அணைத்துப் போட்டேன், மறுபடி திட்டினேன். முதல் பாதி முழுக்க இப்படியே போயிற்று. கடைசியில் அந்தத் தோழிப் பெண் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு."

எங்கள் கம்பெனி வாசலில் நுழையும்போதே செக்யூரிட்டி எல்லோருடைய போன் கேமராவின் மேலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது. வெளியே வந்ததும் நாமே உரித்துக்கொள்ள வேண்டும். நான் உரிக்கவில்லை. ஊரே சிரித்தது. ஆனால் ஒரு நல்லது நடந்தது. படம் இல்லாத அந்த அரை மணி நேரமும் மகள் பேசியே ஆட்டத்தைக் காட்டியிருக்கிறாள். மறுநாள் கேன்டீனில், "உன் பொண்ணு சொல்லச் சொல்ல எனக்கு எல்லாமே தெரிஞ்சுதுக்கா" என்றார்கள். அன்றிலிருந்து பள்ளி வாசலில் கால் வைத்ததும், "அம்மா, ஸ்டிக்கர்!" என்று மகள் கத்துவது வழக்கமாகிவிட்டது.

எங்கள் அணியில் பதினோராம் நம்பர் போட்டு ஒரு பெண் ஆடுகிறாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி, பத்தாம் வகுப்பு. பந்து காலுக்கு வந்துவிட்டால் யாரும் வாங்க முடியாது. அவளுடைய அம்மாவும் எங்கள் கம்பெனிதான். அசெம்ப்ளி லைனில் இரண்டரை மணி ஷிஃப்ட். நான் வெளியே வருகிற நேரத்தில் அவள் உள்ளே போவாள். வாசலில் இரண்டு நிமிடம் பேசிக்கொள்வோம். எங்கள் பழக்கமே அந்த இரண்டிரண்டு நிமிடங்கள்தான்.

லைனில் இருப்பவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீக்கு விடும்போது எடுத்துக்கொள்ளலாம். நாலரைக்கு மணி அடிக்கும், நாலு நாற்பதுக்கு மறுபடி அடிக்கும். இடையில் டீயும் குடிக்க வேண்டும், பாத்ரூமும் போக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவள் மகள் ஆடுவதைப் பார்க்க முடியும். மகளுடைய ராசியோ என்னவோ, அவள் பார்க்கிற போதெல்லாம் ஹாஃப் டைமாக இருக்கும், அல்லது ஆட்டம் முடிந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மைதானத்தில் இறுதி ஆட்டம் இருந்தது. கம்பெனி வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இன்னிக்கி மூணரைக்கு ஆரம்பிக்குதாம். நாலரைக்கு நான் போன எடுக்கும்போது ஆட்டம் ஓடிகினு இருக்கும். எம்பொண்ணு ஓடுறத நல்லா காட்டுக்கா. ஒரு தபாகூட நான் பாத்ததில்ல."

"காட்டுறேன்டி. அவள மட்டும் காட்டுறேன், போதுமா?" என்றேன்.

மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வரவில்லை. கோப்பையும் பனியனும் கொடுத்த ஒரு கம்பெனியின் பெரிய அதிகாரி அவர். எங்கள் கம்பெனி இல்லை, வேறு. இரண்டு அணிப் பிள்ளைகளும் வெயிலில் நின்றார்கள். ஷாமியானாவுக்கு அடியில் நாற்காலிகளும் தண்ணீர் பாட்டில்களும் நிழலில் இருந்தன. நாலு மணி தாண்டியது. "நாங்க ஊர் போய்ச் சேர வேணாமா?" என்று எதிரணி ஆசிரியர் சத்தம் போட்ட பிறகுதான் ரெஃப்ரி விசில் ஊதினார்.

ஆட்டம் சூடாகத்தான் இருந்தது. எதிரணி சீக்கிரமே ஒரு கோல் போட்டுவிட்டது. பிறகு பதினோராம் நம்பர் பந்தோடு பாய்ந்தாள், ஒருத்தி காலை விட்டாள், இவள் சரளையில் குப்புற விழுந்தாள். "விழுந்துட்டாங்க... எழுந்துட்டாங்க! ஒண்ணும் ஆகல, ஓடுறாங்க!" என்று என் மகள் கத்தினாள். மணி நாலு இருபத்தைந்து. பார்ப்பவர் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இன்னும் ஐந்து நிமிடத்தில் பதினோராம் நம்பரின் அம்மா லாக்கரைத் திறப்பாள்.

நாலு இருபத்தொன்பதுக்கு வெள்ளைக் கார் வந்தது.

விசில் அடித்தது. ஃபவுல் இல்லை, கோல் இல்லை, ஹாஃப் டைமும் இல்லை. விருந்தினர் வந்துவிட்டாராம். ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டு அணிகளையும் மைதானத்துக்கு நடுவில் வரிசையாக நிற்க வைத்தார்கள். பேண்டு வாத்தியம், சந்தனம், பன்னீர். விருந்தினருக்குப் பொன்னாடை, அவருடன் வந்தவருக்குப் பொன்னாடை, காரில் கூட வந்த இன்னொருவருக்கும் பொன்னாடை. தலைமையாசிரியை என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"ஏம்மா! கேமராவ இங்க திருப்பும்மா! கெஸ்ட்ட காட்டும்மா!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒருத்தி டீயைக் கையில் பிடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இருப்பது பத்து நிமிடம். அதில் இந்த மனிதரின் பொன்னாடையையா காட்டுவது? காதில் விழாதது போல இருந்துவிட்டேன். போனைப் பெரிதாக்கி, வரிசையில் பதினோராம் நம்பரைப் பிடித்து, தலை முதல் கால் வரை அவள் மட்டும் தெரிகிறாற்போல வைத்து ஸ்டாண்டை இறுக்கினேன். "பேசுடி" என்று மகளிடம் சொன்னேன்.

பாவம், அவள் என்ன பேசுவாள்? "இப்ப பதினோராம் நம்பர் நிக்கிறாங்க. வேர்வைய தொடைக்கிறாங்க. முன்ன ஆடின ஆட்டத்துல ரெண்டு கோல் இவங்கதான் போட்டாங்க. இப்பவும் நிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். விருந்தினர் ஒவ்வொரு பிள்ளையாகக் கை கொடுத்தார். பிறகு பந்தைக் காலால் தட்டி ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆமாம், இருபது நிமிடம் ஆடி ஒரு கோலும் வாங்கிய ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தாலி கட்டி முடிந்த பிறகு பெண் பார்க்க வந்தவரைப் போல இருந்தார் அவர், ஆனால் யாருக்கும் வெட்கமாகவே இல்லை.

நாலு நாற்பது. என் கண் எதிரிலேயே பார்ப்பவர் எண்ணிக்கை நாற்பதிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. உள்ளே மணி அடித்துவிட்டது.

அதற்கு அடுத்த மூன்றாவது நிமிடம் பதினோராம் நம்பர் மூன்று பேரைத் தாண்டிக் கோல் போட்டாள். என் மகள் தொண்டை கிழியக் கத்தினாள். தோழிப் பெண் பவர் பேங்க்கைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தாள். நான் மட்டும் அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பெனால்டியில் தோற்றோம். அது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கோல் பதிவாகித்தானே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பார்க்கட்டும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்தக் கம்பெனில லிங்க் கேட்டாங்கம்மா, அனுப்பினேன். பாத்துட்டு போன் பண்றாங்க. அவ்ளோ பெரிய மனுஷங்க வந்திருக்காங்க, வீடியோல ஒரே ஒரு பொண்ணு பத்து நிமிஷம் நிக்குது. எனக்கு எப்படி இருக்கும்?"

"ஃபுட்பால் லைவ்ல ஃபுட்பால் ஆடுற பொண்ணத்தான் டீச்சர் காட்ட முடியும்."

"பொண்ணுங்களுக்குப் புது டாய்லெட் கட்டித் தரேன்னு சொல்லியிருக்காங்க. அது உங்களுக்குப் புரியல. அந்த வீடியோவ எடுத்துட்டேன். இனிமே நம்ம ஸ்டாஃபே லைவ் பாத்துக்குவாங்க. உங்க உதவிக்கு ரொம்ப நன்றிம்மா."

எடுத்துவிட்டார். அழித்தேவிட்டார். நான் ஒரு பிரதி இறக்கி வைத்திருக்கலாம், எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டேன். அந்தப் பள்ளியில் இருக்கிற கழிப்பறையின் லட்சணம் எனக்கும் தெரியும். அதைக் கட்ட வேண்டியவர்கள் யார் என்றும் தெரியும். அதற்குப் பந்தாட வந்த பிள்ளைகள் வெயிலில் கைகட்டி நிற்க வேண்டுமா? நின்றதற்கு அடையாளம்கூட இல்லாமல் அவள் போட்ட கோலையும் துடைத்துப்போட வேண்டுமா? கேட்டேன். இதைவிட மோசமாகவே கேட்டேன். என் மகள் கதவுக்கு வெளியே நின்று அழுதாள்.

ஆனாலும் ஒன்று மட்டும் எனக்குள் நிமிர்ந்து நின்றது. நான் கேமராவைத் திருப்பவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பெண்ணை நான் ஒருத்திதான் பார்த்தேன், அவளுடைய அம்மாவுக்கும் காட்டினேன். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சொல்லி அந்த ஞாயிற்றுக்கிழமையையே ஓட்டினேன்.

திங்கட்கிழமை இரண்டரைக்குக் கம்பெனி வாசலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். சனிக்கிழமை வேலையிலேயே போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று போனை எடுத்தால் வீடியோ இல்லை என்றாள். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் குரல் ஏறியது.

"வுடுக்கா" என்றாள். "கோல் போனா போவுது. இன்னொரு தபா அடிப்பா. நீ எம்பொண்ணத்தான் காட்டின, அத நான் மறக்கமாட்டேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவள் போகவில்லை. போனைச் செக்யூரிட்டியிடம் நீட்டிக்கொண்டே திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்கா. அவ நின்னுகினு இருந்தா பாரு, அப்ப முட்டிலேந்து ரத்தம் எறங்கி சாக்ஸ் வரைக்கும் வந்துடுச்சி. நான் டீயக்கூட குடிக்கல. யாராவது வந்து தொடச்சிவுடுவாங்க, தொடச்சிவுடுவாங்கன்னு பாத்துகினே இருந்தேன். அத்தினி பேர் இருந்தீங்களே, யாரு கண்ணுலயுமா படல?"

செக்யூரிட்டி அவளுடைய போனில் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார். நேரமாகிவிட்டது என்று அவள் உள்ளே ஓடிவிட்டாள். முடி அளவு கீறலைக்கூட விடாதவள் என்று பேரெடுத்தவள் நான். வெள்ளிக்கிழமை என் கேமராவில் ஸ்டிக்கர்கூட இல்லை.