அப்பாவுக்கு வந்த பேர்

நேத்து ஓட்டு கேட்டு வந்த வண்டியில ஒருத்தன் யாரையோ "ஐந்தாம்படை"ன்னு திட்டிக்கிட்டே போனான். அரிசி புடைச்சுக்கிட்டிருந்த நான் முறத்தைக் கீழ வெச்சேன்.

அந்தச் சொல்லை எட்டு வயசுலயே ஆம்பூர்ல கேட்டவ நான். அப்பாவுக்குத் தோல்ஷாப்புல தோல் பதனிடுற வேலை. சாயங்காலம் ஆவாரம்பட்டை வாசனையோட வர்ற கூட்டாளிங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவார். "ஸ்பெயின்ல ஒரு ஊரைப் பிடிக்க நாலு படை வெளியிலேர்ந்து வருதாம். அஞ்சாவது படை ஊருக்குள்ளயே ஒளிஞ்சிருக்குன்னு தளபதி சொல்றானாம்" என்பார். அப்புறம் வேலைநிறுத்தம் பத்திக் குசுகுசுன்னு பேசுவாங்க.

ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன என்னைத் தோல்ஷாப்பு மேஸ்திரி நிறுத்தி, "உங்க வூட்டுக்கு யார் யார் வர்றாங்க கண்ணு?"ன்னார். பெருமையா எல்லார் பேரையும் சொன்னேன். மறுநாள் அவங்களை வேலையை விட்டுத் துரத்திட்டாங்க. காட்டிக்கொடுத்தது அவர்தான்னு எல்லாரும் நம்பட்டும்னு அப்பாவை மட்டும் வேணும்னே வெச்சுக்கிட்டாங்க.

"இன்னா அஞ்சாம்படை, சோறு எறங்குதா?"ன்னு தெருவே அவரைக் கேட்டுது.

"நீ எதுனா சொன்னியாம்மா?"ன்னார் அப்பா.

"இல்லப்பா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். சாகிற வரைக்கும் தெருவுக்கும் பதில் சொல்லல, என்னையும் மறுபடி கேட்கல. யாருக்கும் தலைகுனியாதவ நான். அந்தப் பேர் என்னுதுன்னு எழுத இத்தனை வருஷம் ஆச்சு.