பச்சைப் பொட்டு தந்த அதிகாரி

வோபர்ன் பகுதியில் நாங்கள் இருப்பது பன்னிரண்டாம் மாடி. ஏசி இல்லை. கோடையில் என் மனுசிக்கு மூச்சு இழுக்கும். நூலகத்தில் காலநிலை மாற்றம் பற்றி அரசாங்கக் கூட்டம் என்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அங்கே நல்ல குளிர்.

கூட்டம் நடத்துகிறவர் ஒரு தமிழ் அதிகாரி. மெலிந்தவர், கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். யார் என்ன சொன்னாலும் பலகையில் எழுதுவார். பிறகு ஒரு பச்சை ஸ்டிக்கர் பொட்டுத் தந்து, சம்மதமென்றால் அதன் பக்கத்தில் ஒட்டச் சொல்லுவார்.

"தம்பி, மாடி வீடுகளுக்கு ஏசி வேணுமெண்டு போன வருசமும் ஒட்டினனான்."

"ஓம் அங்கிள். அது வரைவுத் திட்டம். இது அந்த வரைவைப் பற்றின கருத்துக் கேட்பு."

"ஏசி எப்ப வரும்?"

"அது மாகாணத்தின்ர வேலை. மாகாணம் ஒட்டாவாவில இருக்கிற மத்திய அரசைக் காட்டும்."

"அப்ப வெயில் ஆரின்ர பொறுப்பு?"

அதையும் எழுதினார். பொட்டுத் தந்தார். ஒட்டினேன்.

நாலு மணிக்குக் கூட்டம் முடிந்து மற்ற எல்லோரும் போய்விட்டார்கள். மனுசி கதிரையில் நல்ல நித்திரை. மூச்சு சீராக வந்தது. அதிகாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்கிள், இன்னும் கொஞ்சம் கேள்வி இருக்கு."

ஆறு மணிவரை கேட்டார். கடைசிக் கேள்வி, சைக்கிள் பாதைக்கு என்ன நிறம் பூசலாம் என்பது.

வெயிலுக்கென்று அரசாங்கம் செய்ததில் எங்களுக்குக் கிடைத்தது அந்த இரண்டு மணித்தியாலக் குளிர்தான். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, நான் கேட்கவில்லை.