நான் எழுதிய பசு

போன பிரதோஷத்தன்று மாடி வீட்டுப் பெண் ஒரு தொன்னை சுண்டலோடு வந்தாள். கரூர்ப் பக்கத்துப் பெண். கணினி வேலை. இங்கே ஃபிளாட் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. "ஆன்ட்டி, இத்தனை வருஷமா இருக்கீங்களே, நம்ம சிவன் கோயில் கதை தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்து, வாசலில் நின்றபடியே முழுக்கச் சொல்லி முடித்தாள். புதர் மண்டிய காடு, மந்தையை விட்டுத் தினமும் பிரிந்துபோகிற காராம்பசு, அது தானாகப் பால் சொரிகிற மேடு, ஒருநாள் மேய்ப்பன் விரட்டியபோது கால் இடறி லிங்கத்தின் உச்சியில் விழுந்த குளம்படித் தழும்பு, அதைக் கனவில் கண்டு ஓடிவந்த மன்னன். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான் கலங்கியது, ஆனால் காரணம் வேறு. அந்தப் பசு என்னுடையது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மை கசிகிற பேனாவால் நான் எழுதி உண்டாக்கிய பசு அது.

எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். நெமிலிச்சேரியிலிருந்து நடந்துபோகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதும்.

சுண்டலில் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக விழுந்திருந்தது. மஞ்சள் வாடை வந்தால் எனக்குத் தேவகி ஞாபகம் வந்துவிடும். அவள் முகம் எப்போதும் மஞ்சள் பூசிய முகம். காலை ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறினால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வாடையை வைத்து அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவேன். பட்டரவாக்கத்தில் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் ஒரே கம்பெனிக்குப் போகிறவர்கள் நாங்கள். நான் ஆபீசில் டைப்பிஸ்ட், அவள் பேக்கிங் செக்ஷன். நான் தென்காசியிலிருந்து புதிதாக வந்து, யாரோடும் பேசத் தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், "இன்னாமே, ஊமையா நீ? சாப்ட்டியா இல்லியா?" என்று தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டியவள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் இந்த ஊரை எனக்கு அறிமுகம் செய்தவள் என்கிற உரிமையில் என்னைக் கொஞ்சம் அதட்டிக்கொண்டே இருப்பாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் கோயிலுக்குக் குடமுழுக்கு வந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் திருப்பணிக் குழுவில் இருந்தார். நான் தபால் வழியில் தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பதும், ஒரு வாரப் பத்திரிகையில் என் துணுக்கு ஒன்று வந்தது என்பதும் அவருக்குத் தெரியும். (நானே மூன்று முறை சொல்லியிருந்தேன்.) "விழா மலர்ல போடறதுக்கு ஸ்தல வரலாறு நாலு பக்கம் எழுதிக் குடும்மா. படிச்சா பக்தி வரணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ரயிலில் ஏறியதும் தேவகியிடம்தான் கேட்டேன். கோயிலுக்குக் கிழக்கே இருந்த தெரு அவளுடையது. அங்கே எல்லோரும் ஒரு காலத்தில் சுற்றியிருந்த நிலங்களில் கூலிக்குப் போனவர்கள்.

"எங்கள வுட்டு வேற யாரு சொல்றது அந்தக் கதய?" என்று சிரித்தாள். ஆவடி தாண்டியதும் ஆரம்பித்தாள். அண்ணனூர் ஷெட்டில் ரயில்கள் வரிசையாக நிற்பது ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தெருவைச் சேர்ந்த ஒருத்தி, கேழ்வரகுக் கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்தாளாம். பேர், யார் மகள், எல்லாமே சொன்னாள் தேவகி. களைக்கொட்டு ஒரு கல்லில் பட்டது. கல்லிலிருந்து ரத்தம் வந்தது. அவள் கத்தவில்லை, ஓடவில்லை. கட்டியிருந்த புடவையைக் கிழித்து, அடிபட்ட பிள்ளைக்குக் கட்டுவதுபோல அந்தக் கல்லுக்குக் கட்டுப் போட்டாளாம். ரத்தம் நின்றது. பிறகு நிலத்துக்காரர்கள் வந்தார்கள், கோயில் எழுந்தது, அவள் வெளியே நின்றாள்.

"ஆனா ஈஸ்வரன் மறக்கல" என்றாள் தேவகி. ஆனி மாதம் ஒருநாள் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மஞ்சள் நனைத்த புதுப் புடவையோடு வருவாள். சன்னதிக்கு நேரே நின்று அதில் ஒரு முழம் கிழித்துக் கொடுப்பாள். அந்தக் கட்டுத்துணியை ஐயர் லிங்கத்தின் உச்சியில் கட்டிய பிறகுதான் அபிஷேகத்தின் முதல் குடம். நானும் ஒரு முறை பார்த்திருக்கிறேன். மேளத்தை நிறுத்திவிடுவார்கள். துணி கிழிகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்போது கிழித்தவர் தேவகியின் அம்மா. "அம்மாக்கு அப்பறம் நானு" என்று சொல்லும்போது, டிபன் பாக்ஸ் நீட்டுகிற தேவகி போய் வேறு யாரோ ஒருத்தி பேசுவதுபோல இருந்தது.

இதை அப்படியே எழுதியிருக்கலாம். எழுதியிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதில் ராஜா இல்லையே என்று தோன்றியது. முனிவர் இல்லை, சாபம் இல்லை, பசுகூட இல்லை. களைக்கொட்டை வைத்துக்கொண்டு எப்படிப் பக்தி வரவழைப்பது? இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த நாலைந்து தலபுராணங்களை மனதில் பிசைந்து, களைக்கொட்டைக் குளம்பாக்கினேன். ரத்தத்தைப் பாலாக்கினேன். அவளை மன்னனாக்கினேன். எனக்குச் செய்யுள் நடை வேறு கொஞ்சம் வரும். வீட்டுக்காரர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பூரித்துப்போனேன்.

மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியைத் தேவகிக்குத்தான் கொண்டுபோனேன். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, பட்டாபிராமில் ஆரம்பித்துத் திருமுல்லைவாயல் வரை படித்தாள். "சூப்பரா கீதுமே" என்றாள். பிறகு முன்பக்கத்தைப் புரட்டினாள், பின்பக்கத்தைப் புரட்டினாள். "எங்காளு எந்தப் பக்கத்துல வர்றா?"

"இது புராணம் தேவகி. நீ சொன்னது வழக்கம். வழக்கந்தான் எப்பவும் இருக்குமே" என்றேன். அவளும் தலையாட்டினாள். படித்தவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

குடமுழுக்கு முடிந்தது. என் நாலு பக்கத்தையும் சுருக்கிக் கருங்கல்லில் வெட்டி மண்டபத்துச் சுவரில் பதித்தார்கள். அந்த மாசியில் தேவகியின் அம்மா இறந்துபோனார். ஆனியில் தேவகியின் முறை வந்தது.

நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். தோழி முதல்முறை கிழிக்கப்போகிறாள் என்கிற பெருமை. அவள் தெருப் பெண்கள் பத்துப் பேரோடு வந்தாள். கையில் மஞ்சள் நனைத்த புடவை, சொட்டச் சொட்ட. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் குறுக்கே வந்தார். "இது எதுக்கும்மா? அது பசுவோட குளம்படி. அதுக்குப் போய் யாராச்சும் கட்டுப் போடுவாங்களா? வரலாறே கல்லுல வெட்டி வெச்சிருக்கு, அதுல இப்டி எதுவும் இல்லியே. புடவய அம்மன் சன்னதில குடுத்துடுங்க, சாத்திடுவாங்க." மரியாதையாகத்தான் பேசினார். தேவகி திரும்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். "எழுதினவங்களே இங்கதான் இருக்காங்க. சொல்லும்மா, அப்டி ஒண்ணு உண்டா?"

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வரி. பசு பொய், நான் எழுதியது, இவர்கள் சொல்வதுதான் உண்மை. அவ்வளவுதான். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்லில் ஏறிய என் தமிழை நானே பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "அப்டி ஒரு வழக்கம் இருந்ததா கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். கேள்விப்பட்டிருக்கிறேனாம்! முந்தின வருஷம் இரண்டு கண்ணாலும் பார்த்தவள்.

தேவகி புடவையை அம்மன் சன்னதியில் கொடுக்கவில்லை. மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். பிரகாரத்துக் கல்லில் மஞ்சள் சொட்டுகள் வாசல் வரைக்கும் போயிருந்தன. மறுநாள் ரயிலில் அவள் வேறு பெட்டியில் ஏறினாள். ஒரு வருஷத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கு அது ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

மாடி வீட்டுப் பெண் போனதும் சுண்டலை என்னால் சாப்பிட முடியவில்லை. அடுத்த ஞாயிறு கிழக்குத் தெருவுக்குப் போனேன். ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் மாடி வீடுகள். விசாரித்துக் கண்டுபிடித்தேன். தேவகிக்கு முட்டி தேய்ந்து நடை குறைந்துவிட்டது. கதவைத் திறந்தவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நேற்றுப் பார்த்தவளிடம் சொல்வதுபோல, "உள்ள வாமே" என்றாள்.

அவள் மகள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அம்பத்தூரில் ஏதோ ஐ.டி. கம்பெனியாம். கழுத்தில் அடையாள அட்டை. வேன் வருகிற நேரம். "கோயிலுக்கு வந்தீங்களா ஆன்ட்டி? எங்க கோயிலு செம பவர்ஃபுல்லு. கதை தெரியுமா? ஒரு பசு மாடு இருந்துச்சாம்..." என்று ஆரம்பித்தாள். என் வாக்கியங்கள், வரி மாறாமல். நான் தேவகியைப் பார்த்தேன். அவள் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இல்லம்மா. உங்க பாட்டியோட பாட்டி காலத்துல..." என்று நான் வாயெடுத்தேன்.

"வுடுமே" என்றாள் தேவகி. "அவ அந்தக் கதயே வெச்சிக்கினு போவட்டும். அதுல யாரும் வெளிய நிக்கல."

மகளின் வேன் வந்தது, போய்விட்டாள். நான் அழுதேன். அன்றைக்கு வாயைத் திறந்திருக்க வேண்டும் என்றேன். இருபத்தைந்து வருஷமாக வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் சமாதானமும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "ம்" என்றாள். கோயில் குழுவிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன், வேறு கல் வைக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன். பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்தம்மா பேரு என்ன தேவகி? களை கொத்தினாங்களே. அன்னிக்கு ரயில்ல சொன்னியே."

தேவகி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். ஏதோ ஓர் எழுத்தில் ஆரம்பித்தாள். இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி யோசித்தாள். வெளியே யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"எங்கம்மா எனக்குச் சொன்னாங்க. நான் உங்கிட்ட சொன்னேன். நீ எழுதறேன்னியா, இனிமே எங்கியும் போவாதுன்னு நான் நெனப்புல வெச்சிக்கல" என்றாள். "உனுக்குக்கூடவா தெரில?"

எனக்குத் தெரியவில்லை.