அது எந்தப் பட்சியோட ரெக்கை?

இன்று பாகலூர் பஸ்ஸில் காற்றாலைக்கு இடம் பார்க்க வந்த இன்ஜினியர் ஒருவர், கண்டக்டரிடம் எங்கள் ஏரி மேட்டைக் காட்டினார்.

"அங்க காத்தாடி வரப்போகுது. ஒவ்வொரு ரெக்கையும் இந்த பஸ்ஸைவிட நீளம்."

கன்னடத்திலும் சிறகுக்கு ரெக்கைதான். அந்த ஒரு சொல் மட்டும் புரிந்த முன்சீட்டுக் கன்னடக்கார அக்கா மிரண்டுபோனார். "அய்யய்யோ! அது எந்தப் பட்சி சார்?"

பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கும் வாய் திறந்துவிட்டது.

"சார், சாயங்காலம் நாரைங்க அந்த மேட்டு மேலதான் ஏரிக்கு வரும். உங்க ரெக்கையில அடிபடாதா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "இது யாரும் சொல்லலையேம்மா. நாளைக்குச் சாயங்காலம் வந்து பாக்கறேன். அடிபடும்னா வேற மேடு தேடலாம். நீயும் வந்து காட்டு."

தலையாட்டிவிட்டேன். நாரைக்காகப் பேசியாகிவிட்டது; இனி நாளைக்கு என்னை மேட்டுக்கு அனுப்பச் சொல்லி வீட்டில் எனக்காகப் பேச, துணைக்கு யார் வருகிறீர்கள்?