சீதை அடுப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருந்த குகையில் அடுப்பு மூட்டியது யார் என்ற கேள்விக்கு என் மாமாவிடம் மூன்று பதில்கள் இருந்தன. எந்தப் பதில் வெளியே வரும் என்பது வருகிற ஆட்களைப் பொறுத்தது. இராமாயணத் தலங்களைப் பார்க்க வேன் பிடித்து வரும் இந்தியாக்காரர்கள் என்றால், இராவணன் சீதையை ஒளித்து வைத்த இடம் அது. அங்கே கிடக்கும் மூன்று கற்களும் சீதை சமைத்த அடுப்பு. சிங்களக் குடும்பங்கள் வந்தால், படையெடுப்புக்குப் பயந்து காட்டுக்குள் ஒளிந்த ஒரு ராஜா அதில் சமைத்துச் சாப்பிட்டார். வெள்ளைக்காரர்கள் வந்தால் ஆதிமனிதன். கதை மாறினாலும் கற்கள் மாறாது. அவற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் பூசி, சுற்றிக் கயிறு கட்டி, யாரையும் கிட்டே விடாமல் மாமா காவல் நிற்பார். ஆதிமனிதன் அடுப்புக்குக் குங்குமம் எதற்கு என்று ஒரு வெள்ளைக்காரரும் கேட்டதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. மூன்று கதைகளையும் கூட நின்று கேட்டு, மூன்றையும் முழுசாக நம்பினேன். ஆதிமனிதன் போன பிறகு இராவணன், அதற்குப் பிறகு ராஜா என்று மனதுக்குள் வரிசைப்படுத்தியும் வைத்திருந்தேன். ஆனால் இவ்வளவு பெரிய ஆட்களுக்கு ஆளுக்கு மூன்று புதுக் கல் கிடைக்கவில்லையா, ஏன் ஒரே அடுப்பில் மாறி மாறிச் சமைத்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. அம்மாவிடம் கேட்டால், "ஒங்க மாமாகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கிற வேலையை இன்னும் வேகமாகச் செய்வாள். அம்மா மாமாவின் ஒரே தங்கை. ஊரெல்லாம் வந்து பார்த்த அந்தக் குகைக்கு அவள் மட்டும் வந்ததே இல்லை.

மாமா எங்களோடு லயத்து வரிசை வீட்டிலேயே இருந்தார். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் விழுந்து முதுகில் அடிபட்டவர். அதற்குப் பிறகு மலை வேலைக்குப் போக முடியவில்லை. குகை காட்டுவதுதான் பிழைப்பு. அதற்கும் ஒரு நாள் ஆபத்து வந்தது. வருகிறவர்கள் தேயிலைச் செடிகளை மிதிக்கிறார்கள் என்று தோட்டத்தை மேற்பார்க்கும் சின்னத்துரை சத்தம் போட்டார். அது பழைய காலத்து இடம்தான் என்று படித்தவர்கள் யாராவது எழுதிக் கொடுத்தால் பாதை விடலாம், இல்லாவிட்டால் முள்கம்பி அடித்து மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மாமா யார் யாரையோ பிடித்து, பல்கலைக்கழகத்தில் குகைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு மிஸ்ஸை வரவழைத்தார்.

பள்ளிக்கூட லீவு நாளாக இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டு போனேன். மிஸ் நன்றாகத் தமிழ் பேசினார். காலில் போட்டிருந்த சப்பாத்தெல்லாம் சேறு. தலையில் டோர்ச் கட்டியிருந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

"இராவணன் இத எதால மிஸ் தோண்டுனாரு?" என்று கேட்டேன்.

"தோண்டுனது மழ பாப்பா," என்றார். "பாறைல ஒரு வெடிப்பு இருந்தாப் போதும். தண்ணி உள்ள எறங்கி எறங்கி, பலமில்லாத கல்ல எல்லாம் அரிச்சுக் கொண்டு போயிரும். அவசரமே படாது."

எனக்குப் பெரிய ஏமாற்றம். பத்துத் தலை இருந்தவர் செய்த வேலையை, எங்கள் கூரையில் ஒழுகுகிற மழை செய்திருக்கிறதாம். சுவரில் மினுங்குவது சீதையின் நகை உதிர்ந்த தூள் என்று மாமா சொல்லுவார். மிஸ் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, காக்காப்பொன் என்றார். வௌவால் எச்சத்தைக்கூட ஒரு சின்னப் பையில் போட்டு நம்பர் எழுதினார். மாமாவைப் பார்த்தேன். சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிக்கொண்டிருக்கிறது, அவரோ மிஸ்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கற்களைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று மிஸ் கேட்டபோதுதான் பேசினார். "கல்ல மட்டும் தொடாதீங்க மிஸ். வேற எங்க வேணும்னாலும் தோண்டுங்க."

சாமி விஷயம் என்று மிஸ் நினைத்திருப்பார். கற்களுக்குப் பக்கத்தில் நூல் கட்டிச் சதுரமாக அளந்து, கரண்டியாலும் பிரஷ்ஷாலும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். மண் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிகிறது, கீழே போகப் போகப் பழைய காலம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நாலு விரல் ஆழம்கூடப் போகவில்லை, சாம்பல் வந்துவிட்டது. நான் கை தட்டினேன். மிஸ் தட்டவில்லை. கூரையில் படிந்திருந்த கரியை அண்ணாந்து பார்த்தார்.

"இது ரொம்ப மேலயே இருக்கே. இங்க யாரும் கிட்டத்துல தங்கி இருந்தாங்களா அண்ணே?"

எதற்கும் மூன்று பதில் வைத்திருக்கிற மாமா, கற்களைச் சுற்றிய கயிற்றை இழுத்துக் கட்டினார். "தெரியலீங்க மிஸ்" என்றார். அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

தோண்டிய மண்ணைச் சலிக்கும் வேலையை மிஸ் எனக்குக் கொடுத்தார். இரண்டாவது தரம் சலிக்கும்போது சல்லடையில் நீலமாக ஏதோ உருண்டது. துடைத்துப் பார்த்தேன். பூப்போல வெட்டிய ஒரு பொத்தான், நாலு துளையோடு.

"மிஸ்! ஆதிமனுசனோட பொத்தான்!" என்று குகையே அதிரக் கத்தினேன்.

மிஸ் சிரித்துவிட்டார். பிறகு மாமாவைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. பொத்தானை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது பிளாஸ்டிக் பாப்பா," என்றார். மாமாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "ராஜா காலமும் இல்லண்ணே, ஆதிமனுசனும் இல்ல. மிஞ்சிப் போனா இருவத்தஞ்சு, முப்பது வருஷம். யாரோ சாதாரண ஆளுங்க வந்து கொஞ்ச நாள் சோறாக்கித் தின்னிருக்காங்க. கூட ஒரு சின்னப் புள்ளயும் இருந்திருக்கு. பழைய எடம்னு நான் எப்புடி எழுதுறது?"

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. பொத்தானைக் கண்டதும் பேசாமல் பாவாடைக்குள் முடிந்திருந்தால் பாதை தப்பியிருக்கும். மாமாவின் பிழைப்பில் மண்ணைப் போட்டது நான்தான். அடி விழும் என்று காத்திருந்தேன். மாமாவோ என் பக்கமே திரும்பவில்லை. மிஸ்ஸிடம் கையை நீட்டி, "ஒங்களுக்கு வேணாம்னா அத நான் வச்சுக்கலாமாங்க?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மிஸ் பொருட்களைக் கட்டிக்கொண்டு வெளியே போனார். மாமா கயிற்றைத் தாண்டிப் போய், முதுகு வலியோடு முட்டி போட்டு, அந்தக் கற்களில் நெற்றி படக் கும்பிட்டார். சீதை இல்லை என்று ஆகிவிட்டது, ராஜாவும் இல்லை. பார்க்க ஆட்களும் இல்லாதபோது யாரை ஏமாற்ற இந்தக் கும்பிடு? சொன்ன பொய்யை அவரே நம்பிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது. அவர் பின்னாலேயே லயத்துக்கு இறங்கினேன்.

அம்மா அப்போதுதான் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாமா பொத்தானை அவள் உள்ளங்கையில் வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள்.

"எங்கண்ணே கெடந்துச்சு?"

"அடுப்புகிட்டதான்."

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். பொத்தானை வைத்திருந்த கையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அழுதாள். அண்ணனுக்குப் பிழைப்புப் போனதற்காக அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.

அம்மா வாய் திறந்து சொல்ல எனக்கு இருபது வயது தாண்ட வேண்டியிருந்தது. தமிழரைத் தேடி அடித்த எண்பத்து மூன்று கலவரத்தில் கடைத்தெரு எரிந்து, ஆட்கள் பொல்லு தடிகளோடு லயத்துக்கு ஏறி வந்தபோது, அவர்களுடைய அம்மா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அந்தக் குகைக்கு ஓடியிருக்கிறாள். மாமாவுக்குப் பதினாலு வயது, நீலப் பூப்பொத்தான் வைத்த சட்டை போட்டிருந்த அம்மாவுக்கு ஆறு. மூன்று கல்லைக் கூட்டி, கையில் இருந்த அரிசியைக் கஞ்சியாக்கிக் கொடுத்திருக்கிறாள். அரிசி தீர்ந்த அன்று, கொஞ்சம் மாவு கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனவள் திரும்பி வரவில்லை. எரித்த இடமும் தெரியாது, புதைத்த இடமும் தெரியாது. அவள் கை பட்டதில் மிச்சம் அந்த மூன்று கற்கள்தான். குகைக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும், யாராவது காலால் தள்ளிவிடப் போகிறார்கள் என்று பயந்துதான் மாமா அவற்றுக்குக் குங்குமம் பூசியிருக்கிறார். சீதை அடுப்பு என்றால் ஒதுங்கி நடப்பார்கள். தோட்டத்தில் கொழுந்து எடுத்த ஒருத்தியின் அடுப்பு என்றால் யார் ஒதுங்குவார்கள்?

இதில் எதுவுமே அன்றைக்கு எனக்குத் தெரியாது. அம்மா அழுவதைப் பார்க்க முடியாமல், குற்றம் என்னுடையது இல்லை என்று காட்டுவதற்காக, படித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"நான் வேணும்னு செய்யலம்மா. அது சீதை அடுப்பே இல்லயாம். யாரோ சாதாரண ஆளுங்க சோறாக்குனதாம். மிஸ்ஸே சொன்னாங்க."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆமா பாப்பா," என்றாள். "அந்த மிஸ் சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

மாமாவின் பாதையை மூட வைத்த மிஸ்ஸுக்கு, அழுதுகொண்டே அம்மா எதற்காகப் பரிந்து பேசுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.