பத்தாம் நம்பர் லயம், மூன்றாவது காம்பரா

என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களைப் பற்றி அட்டையில் படம் ஒட்டி, பத்து வரி எழுத வேண்டும். கோயம்புத்தூரில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்திருந்தவள், பாதியில் நிமிர்ந்து என்னோடு சண்டைக்கு வருவதுபோலக் கேட்டாள்.

"அம்மா, அவங்களுக்கு நெலம் இருந்துச்சு, ஊடு இருந்துச்சு, சொந்தமா பத்திரிகைகூட இருந்துச்சு. கோர்ட்டே அவங்க பக்கம்தான் சொல்லுச்சாமா. ஆனா அவங்கள்ல கொஞ்சம் பேரு மட்டும் கையெழுத்துப் போட்டதுக்கு, எல்லாத்தையும் தொரத்தி உட்டுட்டாங்களாமா. மத்தவங்களக் கேக்கவே மாட்டாங்களா?"

கேட்க மாட்டார்கள் என்றேன். இது நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று இந்தியாவும் இலங்கையும் கையெழுத்துப் போட்டு இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களைப் பிரித்துக்கொண்டபோது, அங்கே பிறந்து வளர்ந்த என் அப்பா இந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்தவர்.

பதினெட்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறிய அப்பா, எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கேத்திக்கு வந்து சேர்ந்தார். அவரும் அம்மாவும் அங்கே கேரட் தோட்டங்களில் கூலிவேலை செய்தார்கள். ஓடைக்கு மேலே, புறம்போக்குச் சரிவில், எங்களையும் சேர்த்துக் கப்பலில் வந்த பன்னிரண்டு குடும்பங்கள் குடியிருந்தோம். மண்சுவர், தகரக்கூரை. மழை பிடித்தால் உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை ரயிலில் ஊட்டிக்கு அழைத்துப்போவார். ஏரியைக் காட்டினால், இலங்கையில் தான் பிறந்த ஊரைச் சொல்லி, "நுவரெலியாவுலயும் ஏரி இருக்கு, இதவிடப் பெருசு" என்பார். குதிரைப் பந்தய மைதானமா, அங்கேயும் உண்டு, குதிரைகள் இன்னும் உயரம். பூங்காவா, அங்கே பூக்களுக்கு வாசனை அதிகம். கோர்ட்டுக் கட்டடத்தின் சிவப்பைப் பார்த்தால், அவர் ஊர்த் தபாலாபீஸ் அதைவிடச் சிவப்பு. சுற்றுலா வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு ஊட்டியைப் பார்ப்பார்கள். நானோ, இதெல்லாம் ஒரு ஊரா என்று மூக்கைச் சுளித்தபடி பட்டாணி தின்றுகொண்டிருப்பேன்.

திரும்பும் ரயிலில் அந்த ஊர் வீட்டுப் பேச்சு வரும். பத்தாம் நம்பர் லயம், மூன்றாவது காம்பரா. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல எனக்கு அந்த முகவரி மனப்பாடம். வாசலில் கொய்யாமரம். பின்னால் நீரோடை. கதவைத் திறந்தால் மலைமுழுக்கத் தேயிலை. அது எவ்வளவு பெரிய வீடு என்று அப்பா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், நம் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரு இருப்பா? பூட்டித்தான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அது போதும். காங்கிரீட் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் பெருமை பீற்றும்போதெல்லாம், கடல்தாண்டி எங்களுக்கொரு வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நானும் பதிலுக்கு அளப்பேன்.

எனக்குப் பத்து வயதானபோது, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா தரப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. வேறெங்கும் சொந்த வீடு இல்லாதவர்களுக்கு மட்டும்தான். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இனிமே நம்மள யாரும் எந்திரிச்சுப் போன்னு சொல்ல முடியாது" என்று தினம் ஒருதரம் சொல்வாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். குன்னூரிலிருந்து ஒரு பேரிக்கன்று வாங்கிவந்து தகர டப்பாவில் வைத்தாள். ஏன் மண்ணில் வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "பட்டா வரட்டும், அப்புறம் வைப்போம்" என்றாள்.

ஒருநாள் காலையில் அதிகாரி வந்தார். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் காகிதங்களை வைத்துக்கொண்டு எழுதினார். அம்மா டீ போட உள்ளே போனாள். அப்பா அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தபடி ஓடைப் பக்கம் நின்றார். அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

"பாப்பா, உனக்கு எந்த ஊரு?"

கேத்தியில் பிறந்து, கேத்தியை விட்டால் ஊட்டி குன்னூர் தவிர வேறெதுவும் பார்த்திராத நான், "நுவரெலியாங்க" என்றேன்.

"அட! அங்க என்ன இருக்குது?"

"எங்க வீடு இருக்குங்க. பெரிய வீடு. பூட்டி வச்சிருக்கோம்."

"சொந்த ஊடா?"

"ஆமாங்க." முகவரியையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் பேனா நின்றது. அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, பாப்பா அங்க உங்களுக்குச் சொந்த ஊடு இருக்குதுன்னு சொல்லுதுங்க. இல்லீன்னா இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் எழுதிக்கிட்டுப் போயிர்றேன்."

அம்மா டீ தம்ளரோடு கதவோரம் வந்துவிட்டாள். இல்லை என்று சொல்லும்படி அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அப்பா என்னைப் பார்த்தார். பாடம் ஒப்பித்துப் பாராட்டு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைபோல நான் நின்றுகொண்டிருந்தேன்.  அப்பா நாடா முனையைக் கீழே போட்டார்.

"இருக்குங்க ஐயா" என்றார். "பத்தாம் நம்பர் லயம், மூணாவது காம்பரா."

அதிகாரி அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

பதினொரு வீட்டுக்குப் பட்டா வந்தது. எங்களுக்கு வரவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பாவோடுதான் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் சோறு போடும்போது அவளுக்குத் தாங்கவில்லை.

"கூலியாளுங்களுக்குத் தோட்டத்துக்காரன் கட்டிவிட்ட வரிசையில ஒத்த ரூமு, அதுதான் உங்க காம்பரா. ஒம்பது பேரு கால நீட்ட எடமில்லாம மாத்தி மாத்தித் தூங்கினோம்னு நீங்கதான என்கிட்ட சொன்னீங்க? அதுக்காகவா இதக் கைவிட்டீங்க?"

அப்பா சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ எழுந்தார். அம்மா அந்த வீட்டைப் பார்த்ததில்லை, அந்த வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பேரிக்கன்று டப்பாவிலேயே இரண்டு வருடம் இருந்து பட்டுப்போனது.

பல வருடங்கள் கழித்து, நான் அலைந்து திரிந்து அம்மா பெயருக்குப் பட்டா வாங்கினேன். அப்போது அப்பா இல்லை. பழைய விண்ணப்பத்தின் நகலும் கைக்கு வந்தது. வேறு சொந்த வீடு உள்ளதா என்ற கேள்விக்கு நேரே, 'உண்டு' என்று அந்த அதிகாரியின் கையெழுத்தில் இருந்தது. அதன்கீழே முகவரி, ஒரு எழுத்துப் பிசகாமல். எங்கள் வம்சத்தில் யாருக்கும் எந்த நாட்டிலும் சொந்த வீடு இருந்ததாகச் சொல்லும் காகிதம் அது ஒன்றுதான். அம்மா பட்டாவைப் பெட்டியில் வைத்தாள். நகலை நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

அதிகாரி முன்னால் நான் பொய்க்காரியாகிவிடக் கூடாது என்றுதான் அப்பா அன்று அப்படிச் சொன்னார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அதுவும் இருக்கலாம். ஆனால் அந்த நகலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கப்பலேற்றியவர்கள்கூட, அங்கே எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் வாயாலேயே சொல்லும்படி கேட்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டிய இடத்தில் அவரை நிறுத்தியது நான்தான். அவரால் முடியவில்லை.