சுந்தரமூர்த்தி சாரைப் பற்றி ஒரே ஒரு வரி

நியூ ஜெர்சியில், ஐசலினில் சாரும் நானும் வேலை பார்த்த பிசியோதெரபி நிலையத்தில், அன்று காலை முதலில் வந்த நோயாளியின் தோளுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் போன் என்று ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். சாரின் மனைவி லலிதா ஆன்ட்டி.

“வசந்தி, சார் போயிட்டாரும்மா. காபி போட்டு எழுப்பப் போனேன். எழுந்திருக்கல.”

போனில் அவருக்குப் பின்னால் அவர்களுடைய மகள் யாரிடமோ ஆங்கிலத்தில் வீட்டு விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மான்மவுத் ஜங்ஷனிலும் எடிசனிலும் இருக்கும் உங்களில் பலருக்கு அவர், முதுகு பிடித்துக்கொண்டால் நினைவுக்கு வருகிற மனிதர். பொங்கல் விழாவில் அவரை மேடைக்கு இழுத்து, “அங்கிள், கொரியன்ல ஏதாவது பேசுங்க” என்பீர்கள். அவர் ஒரே வாக்கியத்தைத்தான் ஒவ்வொரு வருடமும் சொல்வார். கை தட்டுவோம். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருமுறை கேட்டேன். “இந்தப் பையன ஆட விடாதீங்கன்னு அர்த்தம்மா” என்றார். அவர் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கொரியாவுக்குப் போன கதை பலருக்குத் தெரியாது. சென்னையில் படித்துவிட்டு சவூதியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கே கட்டடம் கட்டிக்கொண்டிருந்த கொரிய நிறுவனத்தின் தொழிலாளர்கள் இடுப்பொடிந்து இவரிடம் வருவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் கொரியாவில் தொழில்முறைக் கால்பந்து தொடங்கியது. அந்த நிறுவனமும் ஓர் அணியை ஆரம்பித்தது. தொழிலாளர்களின் இடுப்பை நிமிர்த்தியவர் ஆட்டக்காரர்களின் முழங்காலையும் பார்த்துக்கொள்வார் என்று இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அணியின் முதல் பயிற்சி நாளில் மைதானத்தில் பனி கிடந்ததாம். பையன்கள் சுரண்டித் தள்ளிவிட்டு ஓடினார்களாம். தலைநகரில் முதல் கோப்பையை வென்ற நாளில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியதை என்னிடம் சொல்லும்போது மட்டும் முகம் தெளிந்திருக்கும். அடுத்த வாக்கியத்திலேயே அது போய்விடும். “ஜெயிச்சா கம்பெனி ஜெயிச்சுது. தோத்தா பசங்க தோத்தாங்க. அதான்மா அந்த டீமோட சரித்திரம்.”

அந்த அணிக்கு ஊர் என்று ஒன்று நிலைக்கவில்லை. நிறுவனத்தின் பெயர்தான் அணியின் பெயர். தொண்ணூறுகளின் நடுவில், தலைநகரில் இருந்த அணிகள் எல்லாம் வேறு ஊர்களுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. இவர்களுடைய அணியைத் தெற்கே ஒரு துறைமுக நகரத்துக்கு அனுப்பினார்கள். புறப்பட்ட அன்று பழைய ரசிகர்கள் பஸ்ஸை மறித்து நின்றார்கள். மைதான வாசலில் காய்ந்த கணவாய் மீன் விற்கும் ஒருவர் ஜன்னலைத் தட்டி இவரிடம் கேட்டாராம்: “இனிமே எங்க டீமைப் பார்க்க நாங்க வெளியூரு போகணுமா?” பஸ்ஸின் பக்கவாட்டில் புது ஊரின் பெயர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டிருந்தது.

புது ஊரில் முதல் ஆட்டம். நிறுவனத் தலைவர் வருகிறார். அணியின் இடது ஓரத்தில் ஓடுகிற லிம் என்ற இளைஞனின் படம்தான் ஊர் முழுக்கச் சுவரொட்டியில். அவனுடைய முழங்கால் லிகமென்ட் பாதி கிழிந்திருந்தது. சார் மேனேஜரின் அறைக்குப் போய் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். அணியின் டாக்டர் உடன் இருந்தார், வாய் திறக்கவில்லை. மேனேஜர் ஊசி போடச் சொன்னார். லிம் ஆடினான். முதல் பாதி முடிவதற்குள் தனியாக, யாரும் இடிக்காமல், விழுந்தான். அதற்குப் பிறகு அவன் எந்த ஆட்டமும் ஆடவில்லை.

மறுநாள் பத்திரிகைகளுக்கு அணி நிர்வாகம் அறிவித்தது: லிம் ஆடத் தகுதியோடு இருக்கிறான் என்று வெளிநாட்டு பிசியோ சொன்னதை நம்பினோம். சார் டாக்டரிடம் போய், நடந்ததை வெளியே சொல்லும்படி கேட்டார். அந்த டாக்டர் சொன்னதை அவர் என்னிடம் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டே தமிழில் சொன்னார், குரலை உயர்த்தாமல். “நீங்க நாளைக்கு உங்க ஊருக்குப் போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்.”

அவர் ஊருக்குப் போகவில்லை. லலிதா ஆன்ட்டியின் தம்பி இருந்த நியூ ஜெர்சிக்கு வந்தார். நடுவயதில் மறுபடி பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். கொரியன் பேசுகிற பிசியோ இருக்கிறார் என்ற செய்தி இங்குள்ள கொரியர்களின் சர்ச்சுகளில் பரவ, ஆட்கள் தொலைவிலிருந்தெல்லாம் வந்தார்கள். அப்படித்தான் லிம்மும் வந்தான். காய்கறி மொத்த வியாபாரி ஒருவரிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். க்ளட்சை மிதிக்க முடியவில்லை என்று வந்தவன், உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமல் திரைச்சீலையை விலக்கினான்.

நான் பக்கத்துக் கட்டிலில் வேறொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொரியன் எனக்குப் புரியாது. ஆனால் அவன் உட்காராமல் நின்றதும், சார் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்ததும் தெரிந்தது. பிறகு மதியச் சாப்பாட்டில் சார் சொன்னார்.

“நான் ஆடலாம்னு நீங்கதான் சொன்னீங்கன்னான். இல்லப்பா, வேணாம்னு மேனேஜர்கிட்ட சொன்னேன்னேன். அப்ப ஏன் என்கிட்ட சொல்லலன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க சார்?”

“என்னத்த சொல்றது? பிளேயர்கிட்ட நேரா இஞ்சுரி பத்தி பேசக்கூடாதுன்னு ரூல் இருந்துச்சு. அதையா சொல்ல முடியும்? அவன் கால்மா அது.”

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

லிம் அடுத்த வாரமும் வந்தான். பல மாதங்கள் வந்தான். இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். சார் முழங்காலை மடக்கி நீட்டுவார், அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். பிறகு ஒருநாள் அவன், அந்த அணியின் பழைய கோல்கீப்பரோடு போனில் பேசியதாகச் சொன்னான். மேனேஜர் அறையில் நடந்த சண்டையை அவர் வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறார். அன்று முதல் லிம் வரும்போது சாருக்குத் தலை வணங்குவான். அது மன்னிப்பு இல்லை என்று சார் சொன்னார். “நம்பிட்டான். அவ்வளவுதான்.”

இந்த வருடத் தொடக்கத்தில் அந்த அணி தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டது. லிம்தான் வாங்கி வந்து கொடுத்தான். கோப்பைகள், கோல்கள், தலைவர்களின் படங்கள். சார் உழைத்த காலம் முழுவதற்குமாக அவரைப் பற்றி ஒரே ஒரு வரி. வெளிநாட்டு பிசியோவின் தவறான கணிப்பால் லிம் என்ற ஆட்டக்காரரை அணி இழந்தது என்று. பெயர்கூட இல்லை.

அவர் கோபப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன். “பேப்பர்ல வந்தது மறுநாள் குப்பைக்குப் போயிடும். இது அலமாரில இருக்கும்மா!” இங்கே வெளிவருகிற கொரியப் பத்திரிகை ஒன்றின் நிருபர் விஷயத்தை எழுத ஒப்புக்கொண்டார். லிம் பேச வேண்டும், அது ஒன்றுதான் தேவை. லிம்மும் சரி என்றான். சார் அன்று சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்தார். நிருபர் வந்தார். லிம் வரவில்லை. சாயங்காலம் போனில் சொன்னான், தன் தம்பி அங்கே அதே நிறுவனத்தில் வேலையில் இருக்கிறான், முடியாது என்று.

சார் அவனைத் திட்டவில்லை. “அவனும் அங்க ஒருத்தனை வச்சிருக்கான்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். சில வாரங்களில் போய்விட்டார்.

இறுதிச் சடங்கில் லிம் கடைசியாக நின்றான். என்னிடம் வந்து உடைந்த ஆங்கிலத்தில், “அவர் அவர்களிடம் சொன்னார். எனக்குத் தெரியும்” என்றான். “எனக்கும் தெரியும். அதை என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?” என்றேன். அவன் குனிந்து வணங்கிவிட்டு, காலைச் சற்று இழுத்தபடி பார்க்கிங்குக்குப் போனான். அவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று தெரிகிறது.

தூக்கத்திலேயே போனாரே, கொடுத்து வைத்தவர் என்று அன்று உங்களில் பலர் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்தவரை அவர் மனம் ஆறிப் போகவில்லை. ஓர் அணியின் ஓட்டத்தை முதல் நாளிலிருந்து தன் கைகளால் தாங்கியவர். அது அவரைப் பொய்யான ஒரு வரியாக்கிவிட்டது. நான் தமிழில் எழுதும் இதை அங்கே யாரும் படிக்கப் போவதில்லை. அவர் நிம்மதியாகப் போனார் என்று நாமாவது சொல்லாமல் இருக்கலாம்.

போன வாரம் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளர் போன் செய்தார். அவரிடம் வேலை பார்க்கிற ஒருவருக்கு நான் தோள் சிகிச்சை செய்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து பெட்டி தூக்கலாம்தானே என்று கேட்டார். காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தவரிடம் போனேன். “உங்கள் தோள் இன்னும் சேரவில்லை. தூக்கினால் கிழியும். உங்கள் மேற்பார்வையாளர் லைனில் இருக்கிறார், அவரிடமும் இதையேதான் சொல்லப்போகிறேன்” என்றேன். பிறகுதான் போனை எடுத்தேன்.

சுந்தரமூர்த்தி சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். வலி யாருடையதோ, அவரிடம் முதலில் சொல்வது. அவர் அதைக் கற்றுக்கொண்டபோது ஒரு பையனின் கால் போயிருந்தது. எனக்கு அவர் இலவசமாகத் தந்துவிட்டுப் போனார்.